கூடலூர்ச் சபைகளும் கால்செதோன் சங்கமும்: மூவொரு கடவுள், கிறிஸ்துவின் இயல்பு பற்றி

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூரிலிருந்து பந்தலூர், சேரம்பாடி வழியாக வயநாட்டுக்குப் போகும் பாதையில் பல வகைக் கிறிஸ்தவ சபைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களுக்குக் கத்தோலிக்கக் கோயில்களும் சி.எஸ்.ஐ. ஆலயங்களும் பெந்தெகொஸ்து ஜெபவீடுகளும் உண்டு. திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த மலையாளக் குடும்பங்களுக்கு யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா, சீரோ மலபார் சபைகள். எல்லோருக்கும் ஒரே கடைவீதி, ஒரே பள்ளிக்கூடம். அடுத்த சபைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவறாமல் போவார்கள். ஆனால் ஏன் தனித்தனிச் சபை என்று கேட்டால், "அவங்க முறை வேற" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பிரிவுகளில் சில வெறும் நிர்வாகத் தகராறு. யாக்கோபாயருக்கும் ஆர்த்தடாக்ஸாருக்கும் நடுவே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அப்படிப்பட்டது. சபைக்குத் தலைமை சிரியாவின் அந்தியோக்கியா மறைமுதுவரா (பேட்ரியார்க்), கோட்டயத்திலுள்ள தலைமை ஆயரான கத்தோலிக்கோஸா என்பதுதான் அதன் மையம். இருவருடைய வழிபாடும் ஒன்று, விசுவாசப் பிரமாணமும் ஒன்று. ஆனால் இவ்விரு சபைகளுக்கும் நம் தமிழ்க் கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. சபைகளுக்கும் இடையிலுள்ள கோடு மிகப் பழையது. அது 451ஆம் ஆண்டில் இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான கால்செதோனில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் விழுந்தது. கிறிஸ்து யார் என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கேள்வி புரிய, இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற உபாகம வசனம் அவர்களுக்கு உயிர்மூச்சு. அதை அவர்கள் ஒருநாளும் கைவிடவில்லை. அப்படியிருந்தும் இயேசுவிடம் ஜெபித்தார்கள், அவர் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், பிதாவாகிய ஒரே தேவன், இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்று அந்த யூத அறிக்கைக்குள்ளேயே இயேசுவைச் சேர்த்துவிடுகிறார். சுமார் 112ஆம் ஆண்டில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று ரோமப் பேரரசருக்கு எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்ல, அவர்களை விசாரித்துத் தண்டித்த அதிகாரி. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுள் என்ற போதனை, பிற்காலப் பேரரசர் ஒருவர் கண்டுபிடித்துத் திணித்தது என்று பலர் நம்புகிறார்கள். வழிபாடு முதலில் இருந்தது. அந்த வழிபாட்டை எப்படி விளக்குவது என்ற தேடல் அப்புறம்தான் வந்தது.

அந்தத் தேடலில் மூன்று விஷயங்களைக் கைவிட முடியவில்லை. கடவுள் ஒருவர். தந்தையும் மகனும் தூய ஆவியும் கடவுளாகவே வழிபடப்படுகிறார்கள். தந்தை மகன் அல்லர், மகன் தந்தை அல்லர்; கெத்செமனேயில் இயேசு தமக்குத் தாமே ஜெபித்துக்கொள்ளவில்லை. இந்த மூன்றில் எதை விட்டாலும் கணக்கு எளிதாகிவிடும். முதல் நான்கு நூற்றாண்டுகளில் எழுந்த சர்ச்சைகள் பெரும்பாலும் இப்படி எளிதாக்கப் பார்த்தவைதான். மும்மூர்த்திகளை வைத்துப் புரிந்துகொள்ள முயலும் இந்து நண்பர்களுக்கும் இங்கேதான் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலைப் பங்குபோட்டுக்கொள்ளும் மூவரைப் பற்றிக் கிறிஸ்தவ மறை பேசவில்லை. தந்தை செய்யும் எந்தச் செயலும் மகனும் ஆவியும் சேர்ந்து செய்யும் செயலே.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் இருந்த சபெல்லியுஸ், மூன்றாவது விஷயத்தை விட்டார். ஒரே கடவுள்தான் ஒரு சமயம் தந்தையாகவும், ஒரு சமயம் மகனாகவும், ஒரு சமயம் ஆவியாகவும் தோன்றுகிறார் என்பது அவர் பெயரால் அறியப்படும் போதனை. ஞாயிறு பள்ளியில் திரித்துவத்தை விளக்கச் சொல்லும் உவமைகளை இங்கே நினைத்துப் பாருங்கள். தண்ணீர், பனிக்கட்டி, ஆவி. அல்லது ஒரே மனிதர் வீட்டில் அப்பா, தம் அப்பாவுக்கு மகன், தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர். இரண்டும் கேட்கச் சுலபம், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டும் சபெல்லியுஸின் போதனையைத்தான் கற்றுக்கொடுக்கின்றன. யோர்தான் ஆற்றில் மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். வேடம் மாற்றும் ஒருவரால் அது முடியாது. 1913இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு பெந்தெகொஸ்து முகாமுக்குப் பிறகு, அப்போஸ்தலர் 2:38ஐ ஆதாரமாகக் கொண்டு இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் இயக்கம் வளர்ந்தது. தந்தை, மகன், ஆவி எல்லாம் இயேசு ஒருவரே என்பது அதன் போதனை. தமிழ்நாட்டிலும் அதைப் பின்பற்றும் சபைகள் உண்டு. அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இயேசு தந்தையிடம் பேசிய அந்த உறவு உண்மையிலேயே இருவருக்கு இடையிலான உறவா என்ற கேள்விக்கு அந்தப் போதனை பதில் சொல்ல முடியாமல் நிற்கிறது.

ஆரியுஸ் விட்டது இரண்டாவது விஷயத்தை. அலெக்சாந்திரியாவின் மூப்பரான அவர், சுமார் 318இல் தம் ஆயர் அலெக்சாந்தருடன் மோதினார். தந்தை ஒருவரே தொடக்கமில்லாதவர். மகன் படைப்புகளில் முதன்மையானவர், ஆனாலும் படைப்பே. அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்றார். வசனம் காட்டவும் அவரால் முடிந்தது. நீதிமொழிகள் 8:22, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்னும் யோவான் 14:28 ஆகியவற்றைச் சுற்றித்தான் அந்தக் காலத்துச் சண்டை நடந்தது. இன்று வீடு வீடாக வந்து பேசும் யெகோவாவின் சாட்சிகளும் மகன் கடவுளின் முதல் படைப்பு என்றே கற்பிக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பல 1700 ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டு விரிவாக விவாதிக்கப்பட்டவை.

325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களை நிசேயாவில் கூட்டினார். இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று அந்த ஊருக்குப் பெயர். மகன் "தந்தையோடு ஒரே பொருளானவர்", "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்ற அறிக்கை அங்கிருந்து வந்தது. ஞாயிறுதோறும் நம் மலைக் கோயில்களில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் முதுகெலும்பு இதுதான். பேரரசர் கூட்டினார் என்பது உண்மை. ஆனால் பேரரசர்கள்தான் தீர்மானித்தார்கள் என்றால் ஆரியுஸின் பக்கமே வென்றிருக்கும், ஏனென்றால் கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியுஸ் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தார். நிசேயாவுக்காக நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அவர் மென்மையான மனிதர் அல்ல. எதிரிகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் காது சுடும். ஆனால் அவருடைய வாதம் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. மகன் ஒரு படைப்பு என்றால், படைப்பு ஒன்று இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்க்க முடியாது. மீட்கிறவர் கடவுள் இல்லை என்றால், கடவுள் நம்மை மீட்க வேறு யாரையோ அனுப்பிவிட்டுத் தாம் வராமல் இருந்துவிட்டார் என்று ஆகும்.

தூய ஆவியைப் பற்றிய விளக்கம் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் சேர்ந்தது. தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆவியானவர் ஆராதிக்கப்படுகிறார் என்று அந்தச் சங்கம் அறிக்கையிட்டது. இதற்கு வழி செய்தவர்கள் கப்பதோக்கியாவைச் சேர்ந்த பேசில், அவர் தம்பி நீசாவின் கிரகோரியார், நண்பர் நசியான்சின் கிரகோரியார். இவர்கள் செய்த பெரிய உதவி, இரண்டு கேள்விகளைப் பிரித்ததுதான். கடவுள் என்ன என்று கேட்டால் பதில் ஒன்று. யார் என்று கேட்டால் பதில் மூவர். ஒரே கேள்விக்கு ஒன்று என்றும் மூன்று என்றும் பதில் சொல்லியிருந்தால் முரண்பாடு. இங்கே கேள்வியே வேறு.

இந்த இடத்தில் 1 யோவான் 5:7ஐப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தமிழ் வேதாகமத்தில் பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர், "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று அங்கே இருக்கும். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அது இருக்காது. வேதத்தை மாற்றிவிட்டார்கள் என்று இதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்தச் சொற்கள் கிடையாது. இராஸ்மஸ் தம் கிரேக்கப் பதிப்பில் 1516இலும் 1519இலும் அவற்றைச் சேர்க்கவில்லை, எதிர்ப்புக்குப் பிறகு 1522இல் சேர்த்தார். முக்கியமான சேதி என்னவென்றால், ஆரியுஸோடு நடந்த வாதத்தில் அத்தனாசியுஸ் இந்த வசனத்தை எடுத்துக்காட்டவே இல்லை. அது அவர் கையில் இல்லை. திரித்துவக் கோட்பாடு அதன்மேல் கட்டப்படவில்லை, ஆகவே அது போனாலும் எதுவும் சரியாது.

சரி, மகன் முழுமையாகக் கடவுள் என்று ஆயிற்று. அப்படியென்றால் மரியாளின் மடியில் இருந்த குழந்தை எந்த அளவுக்கு மனிதன்? சர்ச்சை அடுத்து இங்கே திரும்பியது. லவோதிக்கேயாவின் அப்பொலினாரியுஸ் நிசேயாவை உறுதியாக ஆதரித்தவர். அவர் சொன்ன விடை: கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித அறிவு இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தையே, அதாவது கடவுளின் மகனே, இருக்கிறது. நசியான்சின் கிரகோரியார் இதற்குச் சொன்ன பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கிறிஸ்து எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்றார் அவர். நம் நோய் உடலில் மட்டுமா இருக்கிறது? பயம், குழப்பம், தவறான முடிவு எல்லாம் மனதில்தான். அந்த மனதை அவர் ஏற்கவில்லை என்றால் மனிதனின் பாதிக்குமேல் வெளியே நின்றுவிடும்.

428இல் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைப்பதைத் தடுக்கப் பார்த்தார். கிறிஸ்துவின் தாய் என்று சொல்வதே சரி என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் கொதித்தெழுந்தார். பிறந்தவர் யார் என்பதே அவருக்குக் கேள்வி. மரியாளிடம் பிறந்தவரும் சிலுவையில் மரித்தவரும் இறைவார்த்தையாகிய மகனே. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மனிதர் கிடையாது. 431இல் எபேசு சங்கம் இதை ஏற்றது. ஜெபமாலையில் "இறைவனின் தாயே" என்றும், பாட்டிமார் இன்னும் சொல்லும் "சர்வேசுரனுடைய மாதாவே" என்றும் வரும் சொற்கள் மரியாளைப் புகழ்வது போலத் தெரிந்தாலும், உண்மையில் அவை கிறிஸ்துவைப் பற்றிய அறிக்கை. சங்கம் நடந்த விதம் மட்டும் அழகாக இல்லை. அந்தியோக்கியா ஆயர்கள் வந்துசேரும் முன்பே சிரில் கூட்டத்தைத் தொடங்கி நெஸ்தோரியுஸை நீக்கிவிட்டார். பிறகு அரண்மனை அதிகாரிகளுக்குப் பொன்னும் கம்பளங்களும் பரிசாகப் போயின. சிரிலின் இறையியல் சரி என்று நம்புகிறவன் நான். அதனாலேயே அவர் செய்த இந்தக் காரியத்தை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிரிலுக்குப் பிடித்த வாய்ப்பாடு, மனுவுருவான இறைவார்த்தையின் இயல்பு ஒன்று என்பது. அவருக்குப் பின் ஐத்திகஸ் என்ற துறவி அதை அளவுக்கு மீறி இழுத்தார். கிறிஸ்துவின் மனிதத்தன்மை இறைத்தன்மைக்குள் கரைந்துபோனது என்ற அளவுக்கு அவர் போதனை போய்விட்டது. அதைத் திருத்தத்தான் 451இல் கால்செதோன் கூடியது. கிறிஸ்து ஒருவரே, அவர் இறை இயல்பு, மனித இயல்பு என்ற இரண்டு இயல்புகளில் இருக்கிறார், குழப்பமின்றி, மாற்றமின்றி, பிளவின்றி, பிரிவின்றி என்று அறிக்கையிட்டது. கவனியுங்கள், நான்குமே எதிர்மறை. எப்படி இணைந்தன என்று சங்கம் விளக்கவே இல்லை. எப்படி நினைக்கக்கூடாது என்று மட்டும் நான்கு பக்கமும் வேலி போட்டது. முதல் இரண்டு ஐத்திகஸுக்கு, பின் இரண்டு நெஸ்தோரியுஸுக்கு.

எகிப்து, சிரியா நாடுகளின் பல விசுவாசிகள் இதை ஏற்க மறுத்தார்கள். அவர்களுக்கு இடித்த இடம் மிகச் சிறியது. இரண்டு இயல்புகளிலிருந்து ஆன ஒரே கிறிஸ்து என்றால் ஒப்புக்கொள்வோம், இரண்டு இயல்புகளில் என்றால் மாட்டோம் என்றார்கள். இரண்டு இயல்பு என்று சொன்னாலே நெஸ்தோரியுஸ் திரும்பி வந்தது போல அவர்களுக்குக் கேட்டது. ஆனால் ஐத்திகஸை அவர்களும் கண்டித்தார்கள். கிறிஸ்துவின் மனிதத்தன்மை கரைந்தது என்று அவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை. அதற்கு மேல் அலெக்சாந்திரியாவுக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் இருந்த போட்டி, பேரரசின் படைபலம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆறாம் நூற்றாண்டில் பேரரசின் துரத்தலுக்குத் தப்பி ஊர் ஊராக அலைந்து குருக்களை ஏற்படுத்திய யாக்கோபு பரதாயுஸ் பெயரால்தான் யாக்கோபாயர் என்ற பெயரே வந்தது.

கூடலூர்ப் பக்கத்து யாக்கோபாய அல்லது ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் குர்பானா என்னும் திருப்பலிக்குப் போனால் இந்த வரலாற்றைக் காதால் கேட்கலாம். காதீசாத் ஆலோஹோ என்று அவர்களுடைய பழைய வழிபாட்டு மொழியான சுரியானியில் தொடங்கும் பாடலில், பரிசுத்தர், வல்லவர், மரணமில்லாதவர் என்று போற்றிவிட்டு, எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரே என்று சேர்த்துப் பாடுவார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியாவில் சேர்ந்த வரி அது. மற்றவர்கள் அந்தப் பாடலை மூவொரு கடவுளை நோக்கிப் பாடியதால், தந்தையும் ஆவியுமா சிலுவையில் அறையப்பட்டார்கள் என்று கேட்டு அதிர்ந்தார்கள். சுரியானியாரோ அதைக் கிறிஸ்துவை மட்டும் நோக்கியே பாடினார்கள். மரணமில்லாதவர் நமக்காக மரித்தார் என்ற அந்த வரியைக் கேட்கும்போது, சிரில் காக்க நினைத்தது என்ன என்பது பத்துப் புத்தகம் படித்ததைவிட நன்றாக விளங்குகிறது.

இதில் நம் மலைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அப்போஸ்தலர் தோமாவைத் தங்கள் தொடக்கமாகச் சொல்லும் மலபாரின் தோமா கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் பாரசீகத்தின் கீழைச் சபையோடு தொடர்பில் இருந்தவர்கள். அந்தச் சபையை மேற்கத்தியர் நெஸ்தோரியர் என்று முத்திரை குத்தினார்கள். 1599இல் உதயம்பேரூரில் போர்த்துகீசியர் கூட்டிய சங்கம் அந்தத் தொடர்பை அறுத்து நெஸ்தோரியுஸைக் கண்டிக்க வைத்தது. சில ஆண்டுகளில், தோடர் மலையில் வழிதவறிப் போன பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டு ஆயர் பிரான்சிஸ் ரோஸ் ஆளனுப்பினார். 1603இல் இயேசு சபைக் குரு ஜாகோமே பெனிசியோ நீலகிரிமேல் ஏறினார். தோடர்களையும் படுகர்களையும் சந்தித்து எழுதிவைத்தார், கிறிஸ்தவர் யாரும் இல்லை. பிறகு 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவைச் சத்தியம் நடந்தது. போர்த்துகீசியர் மேலாதிக்கத்தை உதறியவர்களில் ஒரு பகுதியார், 1665இல் வந்துசேர்ந்த மார் கிரிகோரியோஸ் வழியாக அந்தியோக்கியாவின் சுரியானி சபையோடு இணைந்தார்கள். ஆக, ஒரே சமூகம் முதலில் இயல்புகளைப் பிரிக்கிறவர்கள் என்று பழிக்கப்பட்டது, பின்பு இயல்புகளைக் கலக்கிறவர்கள் என்று பழிக்கப்பட்ட சபையில் சேர்ந்தது. நடுவில் அந்தக் குடும்பங்கள் கிறிஸ்துவை வேறு ஒருவராக நினைத்து வணங்கியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சபைகளின் தலைவர்களே இதை இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நம் ஊர் விசுவாசிகளுக்குப் போய்ச் சேராத செய்தி. 1964இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கால்செதோனை ஏற்ற கிழக்குச் சபைகளின் இறையியலாளர்களும் ஏற்காதவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அதில், கோட்டயத்துக் கத்தோலிக்கோஸைத் தலைவராகக் கொண்ட மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் பால் வர்கீஸும் வி. சி. சாமுவேலும் முக்கியமானவர்கள், பால் வர்கீஸ்தான் பிற்காலத்தில் தில்லியின் ஆயரான பவுலோஸ் மார் கிரிகோரியோஸ். வேறு வேறு சொற்களில் இரு தரப்பும் ஒரே நம்பிக்கையைத்தான் காத்துவந்திருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். 1984 ஜூன் 23இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அந்தியோக்கியா மறைமுதுவர் முதலாம் இக்னாத்தியுஸ் சக்கா இவாஸும் கையெழுத்திட்ட அறிக்கை, பழைய பிரிவுக்குக் காரணமான குழப்பங்கள் நம்பிக்கையின் சாரத்தைத் தொடவில்லை என்றது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையோடு 1990இல் ஓர் ஒப்பந்தம். கீழைச் சபையோடு 1994 நவம்பரில் இன்னொன்று. கிறிஸ்துவின் தாய், கடவுளின் தாய் இரண்டும் ஒரே நம்பிக்கையின் சரியான சொற்கள் என்று அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆவியானவர் தந்தையிடமிருந்து புறப்படுகிறாரா, தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்துமா என்பதில் மேற்கும் கிழக்கும் பிரிந்தே நிற்கின்றன. யாக்கோபாயரின் பிரமாணத்தில் "மகனிடமிருந்தும்" கிடையாது. திருத்தந்தையின் அதிகாரமும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் 1984 அறிக்கையின்படி, தம் சபைக் குரு கிடைக்காத இடத்தில் கத்தோலிக்கரும் சுரியானி ஆர்த்தடாக்ஸாரும் ஒருவர் சபையில் மற்றவர் ஒப்புரவும் (பாவ அறிக்கை) நற்கருணையும் நோயில்பூசுதலும் பெறலாம். 1994 ஜனவரியில் கத்தோலிக்க சபையும் யாக்கோபாயரும் கலப்புத் திருமணத்துக்கென்றே ஓர் உடன்பாடு செய்தார்கள். கூடலூர், பந்தலூர் போன்ற இடங்களில் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்ணும் யாக்கோபாயப் பையனும் விரும்பினால், "நீ எங்க சபைக்கு மாறினால்தான் கல்யாணம்" என்று பெரியவர்கள் மல்லுக்கு நிற்பதை இன்னமும் கேட்க முடிகிறது. ஆயரின் அனுமதியோடு, இருவரும் தத்தம் சபையிலேயே இருந்துகொண்டு மணம் முடிக்க அந்த உடன்பாடு வழி வைத்திருக்கிறது. பங்குக் குருவிடம் அதைக் கேட்டு விசாரிக்கலாம்.